வீழ்ந்தும் எழுந்த மருத்துவர்

விடாமுயற்சி என்றவுடன் தனித்துப் போராடும் ஒருவரையே நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் ஆக்ரன் நகர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தின் வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது.

குடியால் நலிந்திருந்த அவரை 1935 மே மாதத்தில் பில் வில்சன் சந்தித்தார். அவரும் குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். அறிவுரை கூறாது, தம் வீழ்ச்சியையே எடுத்துரைத்தார். ஸ்மித் குடியை நிறுத்தினார். ஆயினும் மருத்துவ மாநாடொன்றிற்குச் சென்று, மீண்டும் குடித்துத் திரும்பினார்.

'இவன் திருந்தான்' என்று நாம் கதவடைப்பது இவ்விடத்தில்தான். வில்சனோ உடனிருந்து தேற்றினார். ஜூன் மாதத்தில், அறுவைக்குச் செல்லுமுன் நண்பரின் கைநடுக்கம் தணிய ஒரு புட்டி பியரும் அவரே அளித்தார். அதுவே ஸ்மித் அருந்திய இறுதி மது.

குடியை விட விழைவோர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் இவ்விருவரால் பிறந்தது. 1950-இல் மறையும்வரை, குடிநோயாளர் ஆயிரக்கணக்கானோர்க்கு ஸ்மித் கட்டணமின்றி மருத்துவம் செய்தார்.