முன்பணத்துக்கு நகையை வைக்காதே

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து மனசு சரியில்லை. "கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சு, இன்னும் வாடகை வீடுதானான்னு எல்லாரும் கேக்கறாங்க பெரியப்பா" என்று சொல்லும்போது உன் தொண்டை அடைத்துக்கொண்டது. மேடவாக்கத்தில் நீங்கள் பார்த்திருக்கும் அந்தப் பழைய ஃபிளாட்டுக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

விலை 70 லட்சம். கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சத்துக்குள் இருந்தால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 56 லட்சம். மீதி 14 லட்சம் நீங்கள் போட வேண்டும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, இந்த 9 சதவீதத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம். இதற்கும் வங்கி தராது. வக்கீல், பத்திரச் செலவு எல்லாம் சேர்த்தால் 21 லட்சம் வேண்டும். கையில் 9 லட்சம்தான் இருக்கிறது. மிச்சத்துக்கு அம்மா நகையை வைத்து, மாப்பிள்ளை பெயரில் பெர்சனல் லோனும் போடுவதாகச் சொன்னாய் பார், அங்கேதான் எனக்குப் பகீரென்றது.

வங்கியில் கடன் பிரிவிலேயே பல வருஷம் இருந்தவன் நான். "எவ்வளவு சாங்ஷன் ஆகும் சார்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஒரு சம்பளம் நின்றால் தவணை எப்படிக் கட்டுவது என்று யாரும் கேட்டதில்லை. அப்படி வாங்கிய ஒரு பெண், பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள், ஜவுளிக்கடை மஞ்சள் பையில் வளையல்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கைக்குழந்தை அந்தப் பையையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்த மேஜைக்கு நீ வரக் கூடாது, கண்ணு.

எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு 56 லட்சம் என்றால் மாதம் 48,600 ரூபாய். முதல் மாதத் தவணையில் 39,700 வட்டிக்கே போய்விடும். அதன் மேல் பெர்சனல் லோன் தவணை, நகைக்கு வட்டி. வட்டியும் இப்படியே நிற்காது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4லிருந்து ஆறரைக்கு ஏறியபோது எத்தனையோ பேருக்குக் கடன் காலம் பல வருஷம் நீண்டுபோனது.

இரண்டு வருஷம் பொறு. இப்போது வாடகை 18,000. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 30,600. அதை மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டு வா. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்ட முடிந்தால் ஏழு லட்சத்துக்கு மேல் சேரும். தவணையையும் தாங்குவீர்கள் என்று தெரிந்துவிடும். முடியவில்லை என்றால், வீட்டைப் பணயம் வைக்காமலே அது தெரிந்தது நல்லதுதான். அதற்குள் விலை ஏறிவிடும் என்பாய். ஏறலாம். அப்படி ஏறினால் கூடுவாஞ்சேரிப் பக்கம் சின்னதாகப் பாருங்கள், ரயில் இருக்கிறது.

இன்னொன்று. நான் முடிச்சூரில் மனை வாங்கியபோது ஆறு எந்தப் பக்கம், ஏரி எந்தப் பக்கம் என்று ஒருவரையும் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் கூடத்தில் மார்பளவு தண்ணீர். பீரோவை நகர்த்தினால் சுவரில் அந்தக் கோடு இன்னமும் இருக்கிறது. எந்த வீடு பார்த்தாலும் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் போய், 2015லும் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு, இதையெல்லாம் நான் பார்த்துச் சொல்கிறேன்.

கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடமும் பேசிவிட்டேன், நகை பீரோவிலேயே இருக்கட்டும். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. சனிக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, இரண்டு பேருடைய சம்பளச் சீட்டையும் எடுத்து வா. பெரியம்மா உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கிறாளாம்.

உன்
பெரியப்பா