வடசென்னையில் வீடு பார்க்கும் முறை

மணலி ஆலைகளிலோ, எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்திலோ, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ உத்தியோகம் கிடைத்து, விழுப்புரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் குடும்ப சகிதம் புறப்பட்டு வருகிறவர்களுக்கு, ஊர் வந்து சேருவதற்கு முன்பே வடசென்னையைப் பற்றிய இரண்டு அபிப்பிராயங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. அங்கே வாடகை குறைவு என்பது ஒன்று. அங்கே ரௌடிகள் அதிகம் என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் மெய். பின்னது, சினிமாப் படங்கள் வருஷக்கணக்காக ஊட்டி வளர்த்த பயம். எண்ணூர் முகத்துவாரத்தருகே உள்ள நெட்டுக்குப்பத்திலேயே வாழ்ந்து வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: காற்று, தண்ணீர், ஓயாமல் ஓடும் கன்டெய்னர் லாரி ஆகிய இம்மூன்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு குடியேறுகிற குடும்பம் இந்தப் பிரதேசத்தில் சௌகரியமாகவே வாழலாம், இவற்றை விசாரியாமல் வாடகையை மட்டும் பார்த்து வருகிற குடும்பம் ஆறு மாதத்திற்குள் மறுபடியும் மூட்டை கட்ட நேரும்.

முதற்காரியம், வேலை செய்யும் இடத்தை நடுவாக வைத்துக்கொண்டு ரயில் பாதையைப் பார்ப்பது. கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று வரிசையாக நின்று போகிறது. மெட்ரோ ரயிலோ 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. கணவனுக்கு எண்ணூரிலும் மனைவிக்குப் பாரிமுனைப் பக்கத்திலும் வேலை என்றால், காலடிப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் ஆகிய மூன்றும் இருவருக்கும் நடுவே அமையும். துறைமுகத்திலோ வல்லூர் அனல் மின் நிலையத்திலோ மட்டும் வேலை உள்ளவர் மீஞ்சூர்ப் பக்கமும் யோசிக்கலாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அது கிடைக்குமா, நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்த வீட்டையும் பார்க்கப் போகவேண்டாம்.

அடுத்தது பணக் கணக்கு. வாடகை என்று ஹவுஸ் ஓனர் சொல்கிற தொகை, உண்மையான செலவில் ஒரு பகுதியே. உதாரணமாக, உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீடு நிலையத்தருகே உள்ள வீட்டைவிட 1,500 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வேலைக்குப் போகும் இருவருக்கும் ஷேர் ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் கூடுதலாகப் போனால், 26 வேலை நாளில் 1,560 ரூபாய் கரைந்து, மலிவு என்று எண்ணியது நஷ்டமாக முடிகிறது. கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வாங்கவேண்டிய வீடானால் அதையும் சேர்க்கவேண்டும். மின்சாரத்தைப் பற்றித் தனியாகக் கேட்பது அவசியம். தமிழ்நாட்டில் வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பிலிருந்து பல குடித்தனங்களுக்கு உள் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை குடியிருப்பவரை வந்தடைவதில்லை. தனி மீட்டர் உள்ள வீடு, வாடகை சற்றே கூடுதலாயினும் ஆதாயமானது. வாடகை, தண்ணீர், மின்சாரம், பிரயாணம் நான்கும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது என்பது என் அபிப்பிராயம்.

இனி, இந்தப் பிரதேசத்திற்கே உரிய விஷயமான காற்றுக்கு வருகிறேன். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் திருவொற்றியூருக்கு மேற்கே இருக்கின்றன. அனல் மின் நிலையங்கள் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட பட்டியலில் மணலி, மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே ஒரு தெருவின் நன்மை தீமையைத் தீர்மானிப்பது, எந்தப் பருவத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறது என்பதே. கரையோர ஜனங்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், இரவிலும் விடியற்காலையிலும் மணலியின் நெடி திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கம் வருகிறது. நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்தவுடன் அந்த நெடி மேற்கே தள்ளப்பட்டு, கரையோரத்துத் தெருக்கள் சுகமாகிவிடுகின்றன. வாடைக்காற்றுக் காலத்திலோ மின் நிலையங்களின் பக்கத்துப் புகையும் தூசியும் கத்திவாக்கத்தையும் எண்ணூரையும் நோக்கி வருகின்றன. மார்கழி, தை மாதங்களில் காற்றே அசையாத விடியற்காலைகளில் புகை தாழ்ந்து தெருவிலேயே தங்கிவிடும்.

வீடு காட்டும் புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை மாலையில், கடற்காற்று நன்றாக வீசும் நேரத்தில் அழைத்துப் போவாரேயானால், அந்த வீட்டின் பாதியைத்தான் அவர் காட்டினார் என்று கொள்ளவேண்டும். அதே வீட்டுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தரமும், இரவு பத்து மணிக்கு ஒரு தரமும் தாமாகவே சென்று, அந்தத் தெருவில் அரைமணி நேரம் நின்று பார்ப்பதற்கு ஈடான பரீட்சை வேறொன்றுமில்லை. ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மாடிக்கு ஏறி, துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைத் தடவிப் பாருங்கள். கையில் ஒட்டும் கருப்பு, வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லிவிடும். மணலி உட்படச் சென்னையின் பல இடங்களில் உள்ள காற்றுத் தர நிலையங்களின் அளவுகளைச் ‘சமீர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் அன்றாடம் காணலாம். ஊரிலிருந்தபடியே சில வாரங்கள் அதைக் கவனித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால், மணலியையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் சுற்றுப்புறத்தையும் வாடகை எவ்வளவு குறைவானாலும் தவிர்த்துவிட்டு, ராயபுரம், காலடிப்பேட்டைப் பக்கங்களில் சிறிய வீடாகப் பார்க்கும்படியே நான் யோசனை சொல்வேன்.

தண்ணீரில் இரண்டு கேள்விகள் உண்டு: குடிக்க வருகிறதா, வெள்ளமாக வீட்டுக்குள் வருகிறதா? மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பேறிய கதை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது; கரையோரத்தில் எங்கே போர் போட்டாலும் உப்பையே எதிர்பார்க்கவேண்டும். காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள நிலையம் வடசென்னைக்குப் பேருதவி என்றாலும், அந்நீர் வீட்டுக் குழாய்க்கு வருகிறதா, தெருமுனை அடிபம்புக்கு வருகிறதா, லாரியில் வருகிறதா என்பது தெருவுக்குத் தெரு மாறும். இதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, குடத்துடன் நிற்கும் பெண்களிடம், “அக்கா, சித்திரையில தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?” என்று கேட்பதே உத்தமம். வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, சோப்பு நுரைக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றி விசாரிப்பவர் பூண்டி ஏரியை மறந்துவிடக்கூடாது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கப்படும்போது, உபரி நீர் கொசஸ்தலையாற்றின் வழியாக மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கமாக வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில், எங்கள் குப்பத்தருகே கடலில் சேருகிறது. தெருவில் ஒரு சொட்டு மழை பெய்யாத நாளிலும் அதனால் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். எனவே, “மழையில் தண்ணீர் நிற்குமா?” என்று மட்டும் கேளாமல், “பூண்டி திறந்தால் இங்கே எதுவரைக்கும் ஏறும்?” என்றும் கேட்கவேண்டும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து ஆலை எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே பரவி, திருவொற்றியூரின் மேற்குத் தெருக்களிலும் எர்ணாவூரிலும் வீடுகளுக்குள் புகுந்தது. நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் படகும் வலையும் கறுத்துப் போயின. கால்வாயோரத்து வீடுகளில் சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதிதாக வர்ணம் பூசியிருந்தால், காரணத்தைக் கேட்கத் தயங்கவேண்டாம். கடலோரத்து வீடானால் அரிப்பையும் விசாரிக்கவேண்டும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட நாள்முதல் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே கரை அறுந்துகொண்டே வருகிறது. முன்னால் கற்களோ தூண்டில் வளைவோ போடாத கரையில், கடலைப் பார்த்த வீட்டைக் காட்சிக்கு ஆசைப்பட்டு எடுத்தல் தகாது.

ஆலைகளின் குழாய்கள் எங்கே செல்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, எண்ணூர்ப் பெரியகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக உறக்கத்திலிருந்து எழுந்து, கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்படிப்பட்ட இரவில் எந்த வழியாகப் போவது என்று குடியேறும் வாரத்திலேயே குடும்பத்தார் நடந்து பார்த்து வைக்கவேண்டும். தெருவிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உள்ள வீடு, ஒரே வழியுள்ள வீட்டைவிட மேலானது. வாயு கசிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வருகிற திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லவேண்டும். காற்று போகும் திசையில் ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

லாரிகளைப் பற்றி ஒன்றே சொல்வேன். எண்ணூர் விரைவுச் சாலையையோ மணலி விரைவுச் சாலையையோ நடந்து கடந்தாலன்றிப் பள்ளிக்கூடம் போகமுடியாத வீட்டைச் சிறு குழந்தைகள் உள்ளவர் எடுக்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தைப் போலவே ஆஸ்பத்திரியும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த விஷயத்தில் ராயபுரம்வாசிகள் பாக்கியசாலிகள். ஸ்டான்லி மருத்துவமனையும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

பெண்களின் பாதுகாப்பைப் பொறுத்தமட்டில், இரவு ஒன்பதரைக்கு ரயில் நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள்; கூடுமானால் அந்த வீட்டில் வாழப்போகும் பெண்ணே துணையுடன் நடந்து பார்க்கட்டும். விளக்கு எரிகிறதா, டீக்கடையும் மளிகைக் கடையும் திறந்திருக்கின்றனவா, திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்களா என்பவையே சாட்சி. நெருக்கமாகக் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளில், அந்நியன் ஒருவன் நுழைந்தால் பத்துப் பேர் “யாரு வேணும்?” என்று கேட்பார்கள், ஆலைச் சுவரும் லாரி நிறுத்தமும் மட்டுமே உள்ள நீண்ட சாலையில் கேட்பதற்கு ஆளில்லை. குப்பங்களில் வாடகை வீடு அபூர்வம். அகப்பட்டாலும் தெரிந்தவர் ஒருவர் மூலம் போய், ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு பேசிவிட்டுக் குடிவருவதே மரியாதை. அவ்வாறு வந்தவரை ஊர் தன் ஆளாகவே பார்த்துக்கொள்ளும்.

வீடு பிடித்துப்போயிற்று என்றால் எழுத்து வேலை பாக்கி. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும்; ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கலாகாது. ஆகையால் கையெழுத்திடுமுன் அட்வான்ஸ் பற்றிய வரியை இருமுறை படியுங்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருக்கச் சொன்னால், சொத்தின் வில்லங்கச் சான்றைப் பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம். பணத்தை வங்கி மூலமாகவே செலுத்தி, குடியேறும் நாளில் மின் மீட்டரின் அளவையும், சுவர், கதவு, குழாய்களின் நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்து, அதன் பிரதியை அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.