விடுமுறைக்குப் பிந்திய முதல் வாரம்

நெடிய விடுமுறை கழிந்து கல்லூரி மீண்டுந் திறக்கும் நாளில், மாணாக்கர் பலரிடத்து ஒருவகைச் சோர்வு காணப்படுகின்றது. வைகறையில் எழுதல் அரிதாகின்றது. முன்னர் நன்கு கற்ற கணிதமும் இப்பொழுது புதியதுபோல் தோன்றுகின்றது. அதுகண்ட மாணாக்கன், “கற்றனவெல்லாம் போயின, எனக்கு இக்கல்வி ஏலாது” என்று முதல் வாரத்திலேயே மனந்தளர்கின்றான். அம்முடிபு பொருந்துமா என்பதை நாம் ஈண்டு ஆராய்வோம்.

ஜெர்மன் நாட்டு உளநூலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பார், மறதியின் இயல்பைத் தம்மிடத்திலேயே சோதித்தறிந்து, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனனஞ் செய்து, சிலகாலங் கழித்து அவற்றை மீளக் கற்க எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததெனக் கணக்கிட்டார். ஒரு மணி நேரத்திற்குள்ளேயே முதலுழைப்பின் பயனிற் பாதிக்குமேல் குறைந்துபோயிற்று. ஆயினும் 31 நாள் கழிந்த பின்னரும், மீளக் கற்குங்கால் நூற்றுக்கு 21 பங்கு உழைப்பு மிச்சமாயிற்று. மறதி முதலில் விரைந்தோடிப் பின்னர் மெல்ல நடக்கின்றது என்பது இதனாற் புலனாம். பொருளற்ற அசைகளுக்கே இங்ஙனமாயின், பொருளுணர்ந்து கற்ற பாடம் இன்னும் மிகுதியாக எஞ்சுமன்றோ? ஆதலின், உடனே நினைவிற்கு வாராதது முற்றும் அழிந்ததென்று கொள்ளலாகாது.

அவர் கண்ட பிறிதோருண்மையும் நமக்குப் பயன்படும். 12 அசைகளையுடைய வரிசையை ஒரே மூச்சில் 68 முறை ஓதியதால் மறுநாள் விளைந்த பயன், மூன்று நாட்களிற் பகுத்து 38 முறை ஓதியதாலேயே கிட்டிற்று. விட்ட பாடங்களையெல்லாம் ஓரிரவு விழித்திருந்து படித்துவிடக் கருதுவோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து காலையொளியில் சிறிது உலாவுதல்; உறக்கமும் விழிப்பும் இதனால் ஒழுங்குபெறும். இரண்டாவது, புதுப்பாடத்தைத் தொடங்குமுன் பழம்பாடத்தை நாளுக்குச் சிறிதாக மீளக் கற்றல். மூன்றாவது, முதல் வாரத்து இடர்ப்பாட்டைக் கொண்டு நம் அறிவாற்றலை அளவிடாதிருத்தல்.

கோடையில் இறுகிக் கிடந்த நிலம் முதலுழவிற் கொழுவுக்கு எளிதில் நெகிழ்ந்து கொடாது. அதுகண்டு நிலம் பாழாயிற்றென்று ஏரைக் கரையேற்றும் உழவன் உளனோ? அவன் மீண்டும் உழுகின்றான். நாமும் அங்ஙனமே செய்வோமாக.