சிவப்பு மைக்கு அகப்படாத பிழை: பிரெஞ்சு பேசுவோருக்கு ஃபிரேசல் வெர்ப் கற்பித்த அனுபவம்

எங்கள் பள்ளி புதுச்சேரி எல்லையை ஒட்டிய விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. கடந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் நண்பர் ஒருவர், "பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் வேலை பார்க்கும் நான்கு பேருக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது, உதவ முடியுமா?" என்று கேட்டார். கட்டணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். வாரத்தில் இரண்டு மாலை, மொத்தம் ஆறு வாரம். ஒருவர் ஆடை வடிவமைப்பாளர், ஒருவர் ரொட்டிக்கூடச் சமையல்காரர், ஒருவர் விடுதி வரவேற்பாளர், மற்றவர் கட்டட வரைபடக் கலைஞர். நான்கு பேருக்கும் தாய்மொழி பிரெஞ்சு. பணியிடத்தில் தமிழர்களோடு பேசப் பாலமாக இருந்தது ஆங்கிலம்தான்.

முதல் நாள், "உங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்றேன். வடிவமைப்பாளர் எழுதித் தந்த பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. மேலே 'எக்ஸலண்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். இவருக்கு என் வகுப்பு தேவையே இல்லை என்றுகூட நினைத்தேன்.

நாற்பது மீட்டர் துணி

இரண்டாம் வாரம் அவர் முகம் வாடி வந்தார். சென்னையில் இருந்த மேலாளர் காலையில் தொலைபேசியில் சொன்ன வாக்கியம் இதுதான்: 'ஹோல்ட் ஆஃப் ஆன் தி கட்டிங் அன்டில் ஐ கெட் பேக் டு யூ.' நான் மீண்டும் பேசும்வரை வெட்டும் வேலையை நிறுத்தி வையுங்கள் என்பது பொருள். அவருக்கு 'ஹோல்ட்' தெரியும்: பிடித்திரு, விடாமல் வைத்திரு. 'பேக்' தெரியும்: திரும்ப. எனவே, 'நான் திரும்பி வரும்வரை வெட்டும் வேலையை விடாமல் பிடித்துக்கொள்' என்று புரிந்துகொண்டு 'ஓகே' என்றார். மாலைக்குள் நாற்பது மீட்டர் துணி வெட்டப்பட்டுவிட்டது. வாடிக்கையாளரோ அன்று காலையிலேயே அளவை மாற்றியிருந்தார்.

மேலாளர் அவரைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து முக்கியமான செய்திகளை அவரிடம் நேரடியாகச் சொல்லாமல் இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்பத் தொடங்கினார். துணி வீணானதைவிட இதுதான் அவரை அதிகம் வருத்தியது. "எனக்குப் புரியவில்லை என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்" என்றார்.

அன்று இரவு, நான் 'எக்ஸலண்ட்' போட்ட பக்கத்தை மீண்டும் வாங்கிப் படித்தேன். 'கன்டினியூ', 'டாலரேட்', 'டிஸ்கவர்', 'அபாண்டன்' என்று எல்லாம் சரியான சொற்கள். 'கேரி ஆன்', 'புட் அப் வித்', 'ஃபைண்ட் அவுட்', 'கிவ் அப்' போன்றவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர் தவறாக எழுதவில்லை, தவிர்த்திருந்தார். எழுதியதில் உள்ள பிழையைத்தான் என் சிவப்பு மை வட்டமிடும். எழுதாமல் விட்டதை அது எப்படிக் காட்டும்?

ஏன் தவிர்க்கிறார்கள்?

வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற ஒரு சிறு சொல் சேர்ந்து வேறொரு பொருள் தருவதையே ஃபிரேசல் வெர்ப் என்கிறோம். இது பிரெஞ்சு பேசுவோருக்குக் கடினமாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் வரலாறு. 1066இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சு கோலோச்சியது. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலச் சொற்களே நிலைத்தன. அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே செயலுக்குப் பல நேரம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'டாலரேட்' ஏட்டுச் சொல், 'புட் அப் வித்' வீட்டுச் சொல். நம் மாணவர்களுக்குக் கடினமான ஏட்டுச் சொல் பிரெஞ்சுக்காரருக்குத் தாய்வீட்டுச் சொல். அதையே எடுத்துப் பேசுகிறார். இலக்கணப்படி சரி. ஆனால் சமையல்கூடத்தில் அலுவலகக் கடிதம் வாசிப்பதுபோல் ஒலிக்கும். எங்கள் ரொட்டிக்கூடச் சமையல்காரர் உதவியாளரிடம் 'எக்ஸ்டிங்குயிஷ் தி அவன்' என்பாராம். 'டர்ன் ஆஃப்' என்பது அவர் வாயில் வரவே இல்லை. பிரெஞ்சில் நெருப்பை அணைப்பதற்கும் விளக்கை அணைப்பதற்கும் ஒரே சொல்தான். நாமும் இரண்டுக்கும் 'அணை' என்றுதானே சொல்கிறோம்!

இரண்டாம் காரணம் மொழியின் அமைப்பு. உள்ளே, வெளியே, மேலே, கீழே என்ற திசையை ஆங்கிலம் சிறு சொல்லிடம் ஒப்படைக்கிறது: 'கோ இன்', 'கோ அவுட்', 'கோ அப்', 'கோ டவுன்'. பிரெஞ்சு அதை வினைக்குள்ளேயே வைக்கிறது: 'ஆந்த்ரே', 'சொர்த்தீர்', 'மோந்த்தே', 'தெசாந்த்ர்'. நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு என்று தமிழில் சொன்னால் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். 'ஸ்வாம் அக்ராஸ்' என்று ஆங்கிலேயர் சொல்வதை, பிரெஞ்சுக்காரர் 'நீந்திக் கடந்தான்' என்று நம்மைப் போலவே சொல்வார். மொழிகளை இப்படி இரு வகையாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி.

தவிர்ப்பது பிரெஞ்சு பேசுவோரிடம் மட்டும் காணப்படும் பழக்கம் அல்ல. 1985இல் டாகுட், லாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் எபிரேயம் பேசும் மாணவர்களிடம் இதையே கண்டனர். ஒற்றைச் சொல் கிடைக்கும் இடத்தில் மாணவர்கள் அதையே தேர்ந்தார்கள். நேர்ப்பொருள் தராத ஃபிரேசல் வெர்ப்களையே மிக அதிகமாகத் தவிர்த்தார்கள்.

பட்டியல் தோற்றது

என் முதல் மருந்து நமக்கெல்லாம் பழகியதுதான். ஐம்பது ஃபிரேசல் வெர்ப்களை அகரவரிசையில் பொருளோடு அச்சிட்டுக் கொடுத்தேன். அடுத்த வகுப்பில் தேர்வு வைத்தால் பெரும்பாலும் சரியாக எழுதினார்கள். பேசச் சொன்னேன். மீண்டும் 'கன்டினியூ', மீண்டும் 'டாலரேட்'. பட்டியல் தாளிலேயே நின்றுவிட்டது. போதாததற்கு, 'புட் ஆஃப்', 'புட் ஆன்', 'புட் அவுட்' மூன்றையும் அடுத்தடுத்துப் படித்ததால் ஒன்றோடொன்று குழம்பின. எனவே பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, அவர்கள் பணியிடத்தில் நடக்கும் பேச்சையே பாடமாக்கினேன்.

பணியிட உரையாடல்: நான்கு படிகள்

*படி 1: கேட்டதைக் குறித்தல்.* ஒவ்வொருவரும் சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டனர். வேலையிடத்தில் யாராவது வினைக்குப் பின் சிறு சொல் சேர்த்துப் பேசினால் முழு வாக்கியத்தையும் எழுத வேண்டும். அகராதி பார்க்கக் கூடாது. யார் யாரிடம் சொன்னார், சொன்ன பிறகு என்ன நடந்தது என்ற இரண்டை மட்டும் சேர்த்து எழுத வேண்டும். சமையல்காரர் எழுதியது: "உதவியாளர் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஃப்ளவர்' என்றார். யாரும் ஓடவில்லை. பையனைக் கடைக்கு அனுப்பினார்கள்." மாவு தீர்ந்துவிட்டது என்பதை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

*படி 2: தம் சொல்லில் பேசி, பிறகு மாற்றுதல்.* குறிப்பேடுகளிலிருந்து நான்கைந்து வரி உரையாடல் ஒன்றை அமைத்தோம். முதலில் அவரவருக்கு வரும் ஏட்டுச் சொற்களிலேயே பேசினார்கள். பிறகு அதே உரையாடலை இப்படி மாற்றினோம்:

'தி சப்ளையர் ஹேஸன்ட் டர்ன்ட் அப்.'
'கேன் யூ ஃபைண்ட் அவுட் வொய்?'
'ஐ வில். ஷல் வீ கால் ஆஃப் தி மீட்டிங்?'
'நோ, டோன்ட் கால் இட் ஆஃப். ஜஸ்ட் புட் இட் ஆஃப் டில் த்ரீ.'

சரக்கு கொண்டுவர வேண்டியவர் வரவில்லை, கூட்டத்தை என்ன செய்வது என்பதே பேச்சு. 'கால் ஆஃப்' என்றால் ரத்து, 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பு. இந்த வேறுபாட்டைப் பட்டியலில் படித்தபோது மறந்தவர்கள், 'மூன்று மணிக்கு வர வேண்டுமா, வேண்டாமா?' என்ற கேள்வி எழுந்ததும் மறக்கவில்லை.

*படி 3: 'இட்' எங்கே நிற்கும்?* 'புட் ஆஃப் தி மீட்டிங்' சரி. 'புட் தி மீட்டிங் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் ஆஃப்'. பிரெஞ்சில் இத்தகைய பிரதிப்பெயர் பொதுவாக வினைக்கு முன் வருவதால் நடு இடம் அவர்களுக்கு அந்நியம். மூன்று பேரை வரிசையாக நிற்க வைத்து, ஒருவர் 'புட்', ஒருவர் 'ஆஃப்', 'இட்' என்ற அட்டையோடு வருபவர் நடுவில் புகுவார் என்று விளையாடினோம். வளர்ந்தவர்கள் என்று தயங்கினேன். அவர்களோ சிரித்துக்கொண்டே விளையாடினார்கள். 'லுக் இன்டு' போன்றவை பிரியாது, 'லுக் இன்டு இட்' என்றே வரும் என்பதை அடுத்த வகுப்புக்குத் தள்ளினேன். இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் இரண்டுமே குழம்பியிருக்கும்.

*படி 4: ஒரே செய்தி, இரண்டு வடிவம்.* சக ஊழியரிடம் வாய்மொழியாக ஒரு முறை, மேலாளருக்குக் கடிதமாக ஒரு முறை. பேச்சில் 'வீ ஆர் லுக்கிங் இன்டு இட்', கடிதத்தில் 'வீ ஆர் இன்வெஸ்டிகேட்டிங் தி மேட்டர்'. அவர்களுடைய ஏட்டுச் சொல் குற்றமல்ல, அதற்கு உரிய இடம் வேறு என்று தெரிந்ததும் அவர்கள் பேச்சில் தயக்கம் குறைந்தது.

திருப்பிச் சொல்லிக் கேட்டல்

எல்லா ஃபிரேசல் வெர்ப்களையும் ஆறு வாரத்தில் யாராலும் கற்பிக்க முடியாது. சிறு சொல்லுக்குப் பொதுப்பொருள் சொல்லலாம். 'ஆஃப்' வந்தால் பல நேரம் விலகல் அல்லது நிறுத்தம், 'யூஸ் அப்', 'ஈட் அப்' என்பதில் வரும் 'அப்' முழுவதும் முடித்தல். ஆனால் 'டர்ன் அப்' என்றால் வந்து சேர்தல் என்பதை எந்தப் பொதுப்பொருளும் காட்டிக்கொடுக்காது. எனவே தெரியாத ஒன்று நாளையும் காதில் விழத்தான் செய்யும். அப்போது என்ன செய்வது?

இதற்கு நாங்கள் கண்ட வழி, 'ஓகே' என்பதற்கு முன் கேட்ட செய்தியைத் தமக்குத் தெரிந்த ஒற்றைச் சொல்லில் திருப்பிச் சொல்வது. 'ஸோ, வீ கன்டினியூ தி கட்டிங்?' என்று ஒரு வரி கேட்டிருந்தால், 'நோ, நோ, ஸ்டாப்!' என்று மேலாளர் அப்போதே சொல்லியிருப்பார். அதுவரை அவர்கள் பேச்சில் குறையாகத் தெரிந்த ஏட்டுச் சொற்களே இங்கே கைகொடுத்தன. கடைசி இரண்டு வாரமும் ஒவ்வொரு உரையாடலிலும் இந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கினோம்.

ஐந்தாம் வார முடிவில் வடிவமைப்பாளர் சொன்னார்: மேலாளர் அன்று தற்செயலாக அவரிடமே பேச நேர்ந்தது. 'கோ ஓவர் தி பில் பிஃபோர் யூ ஹேண்ட் இட் ஓவர்' என்றாராம். இவர், 'ஐ வெரிஃபை இட் ஃபர்ஸ்ட், தென் ஐ கிவ் இட்?' என்று கேட்டார். 'எக்ஸாக்ட்லி' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இன்னொருவர் வழியாகச் செய்தி அனுப்புவது மெல்லக் குறைந்ததாம்.

நம் வகுப்பறைக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளை வேறு கண்ணோடு திருத்தினேன். நம் பிள்ளைகளும் தவிர்க்கிறார்கள். காரணம்தான் வேறு. பிரெஞ்சுக்காரரிடம் கைவசம் ஏட்டுச் சொல் இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் அதுவும் பல நேரம் இல்லை. ஆனால் அவர்களிடம் வேறொன்று இருக்கிறது. லாரி 'பிரேக் டவுன்', மின்சாரம் 'கட் ஆஃப்', வங்கிக் கணக்கில் 'லாக் அவுட்', மருத்துவமனையில் 'செக் அப்' என்று வீட்டிலேயே கேட்டு வளர்கிறார்கள். 'ஆஃப் தி ஃபேன்' என்று ஒரு மாணவி எழுதினால், அது 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்ற நம் பேச்சிலிருந்து வந்தது. சிறு சொல்லே வினையாகிவிட்டது. முன்னே ஒரு 'ஸ்விட்ச்' சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. 'ஈட் அப்' புரியவில்லை என்றால் 'சாப்பிட்டு விடு' என்பதில் உள்ள 'விடு'வைக் காட்டலாம். தமிழின் துணைவினை அறிந்த பிள்ளைக்கு, வினையோடு ஒட்டும் இன்னொரு சொல் பொருளை மாற்றும் என்பது புதிதல்ல.

இந்த ஆண்டு என் மாணவர்களும் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். கைப்பேசிக் கடை, பேருந்து நிலையம், அப்பாவின் பட்டறை என்று தாங்கள் கேட்கும் இடங்களிலிருந்து வாக்கியங்களைக் கொண்டுவருகிறார்கள். வாரம் ஒரு பாடவேளை அதற்கு. கட்டுரை திருத்தும்போது நானும் ஒரு புதிய பழக்கத்தை வைத்திருக்கிறேன். பிழைகளை வட்டமிட்ட பிறகு, பிழையே இல்லாத ஒரு வாக்கியத்தின் ஓரத்தில், 'இதை நண்பனிடம் எப்படிச் சொல்வாய்?' என்று பென்சிலால் எழுதுகிறேன். உங்கள் கையில் இப்போது இருக்கும் நோட்டுக் கட்டில், நன்றாக எழுதும் மாணவர் ஒருவரின் நோட்டை எடுத்து இதே கேள்வியை எழுதிப் பாருங்கள்.

*கட்டுரையாளர் விழுப்புரம் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறார்.*