கரண்ட் போனதை நாஸுக்கு யார் சொல்வது?

ஆடியில் கல்யாணம் கிடையாது, காற்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வீசுகிற நாட்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எங்காவது ஒரு தென்னை மட்டை கரண்ட் கம்பியில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்கிற என்னைப் போன்றவர்கள் வைகாசி, ஆனி முகூர்த்தங்களின் பாக்கி வேலையை அந்த மாதத்தில்தான் முடித்தாக வேண்டும். கரண்ட் அடிக்கடி வந்து போகிற மாதமும், நாஸ் பெட்டிக்கு ஓயாத வேலை இருக்கிற மாதமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

இரண்டோ நாலோ ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெட்டிக்குள் போட்டு, ரவுட்டரோடு கோத்து, வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் பயன்படுத்தும்படி வைப்பதுதான் நாஸ். வாங்கும்போது டிஸ்க்குக்கே பாதிக் காசு போய்விடுவதால் யூபிஎஸ் யாருக்கும் ஞாபகம் வராது. "வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கே" என்று நானும் இருந்தேன்.

ஒரு ராத்திரி மெமரி கார்டிலிருந்து நாஸுக்குக் காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஃபேன் நிற்கவில்லை. விளக்கு ஒரு முறை மங்கி மறுபடி எரிந்தது. அப்படியே படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால், நாஸ் ராத்திரியே அணைந்து தானாக எழுந்து, ஒரே ஃபைல்களை வைத்திருக்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் 8 டி.பி. அன்றைய பகல் அதிலேயே கழிந்தது. கடைசியாகக் காப்பியான ஃபைல் திறக்கவே இல்லை. தாலி கட்டுகிற காட்சி அதில்தான் இருந்தது. கேமராக்காரத் தம்பி கார்டை இன்னும் அழிக்கவில்லை என்பதால் பிழைத்தேன்.

இன்வெர்ட்டரின் முதுகுப் பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யூபிஎஸ்', இன்னொரு பக்கம் 'நார்மல்' அல்லது 'வைட்' என்று எழுதியிருப்பார்கள். நார்மலில் பேட்டரிக்கு மாற ஏறத்தாழ 40 மில்லி செகண்ட் வரை ஆகலாம். ஃபேனுக்கு அது ஒன்றுமே இல்லை. நாஸின் அடாப்டரோ பத்து இருபது மில்லி செகண்டுக்கு மேல் மூச்சுப் பிடிப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் ஸ்விட்ச் நார்மலில் இருந்தது. லோ வோல்டேஜில் அடிக்கடி பேட்டரிக்குப் போகாமல் இருக்கட்டும் என்று மாட்டிய எலக்ட்ரீஷியன் நல்லெண்ணத்தோடு செய்த வேலை.

ஸ்விட்சை மாற்றினால் தீர்ந்ததா? பாதி தீரும். இன்வெர்ட்டருக்கு நாஸோடு பேசத் தெரியாது. நாஸ் எழுத வேண்டியதையெல்லாம் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. கொஞ்சத்தைத் தன் மெமரியில் பிடித்துவைத்து, நேரம் பார்த்து இறக்கும். அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்துபோனால், ஒரு டிஸ்க்கில் எழுதியது மற்றதில் எழுதாமல் நின்றுவிடும். "கரண்ட் போச்சு, கையில் இருப்பதை எழுதி முடித்துப் படுத்துக்கொள்" என்று நாஸுக்கு யாராவது சொல்ல வேண்டும். யூபிஎஸ் வாங்குவது அதற்குத்தான்.

இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனேன்.

"600 வி.ஏ. எடுத்துக்கோங்ணா, சும்மா ஒரு மணி நேரம் நிக்கும்."

"டேட்டா போர்ட் இருக்குங்களா?"

"அது எதுக்குங்க? இதுல லேன் ஓட்டையே இருக்குதே."

அந்த ஓட்டையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சில யூபிஎஸ்களில் 'இன்', 'அவுட்' என்று இரண்டு லேன் ஓட்டைகள் இருக்கும். நெட்வொர்க் கேபிள் வழியாக வருகிற மின் எழுச்சியைத் தடுக்க வைத்தவை அவை. நாஸுக்குச் சேதி சொல்லாது. சேதி சொல்கிற போர்ட் சில மாடல்களில் பிரிண்டருக்கு இருப்பதுபோல் சதுரமான யூஎஸ்பியாக இருக்கும். வேறு சிலவற்றில் அதுவே பார்ப்பதற்கு லேன் ஓட்டை மாதிரி இருந்து, ஒரு முனை அப்படியும் மறுமுனை யூஎஸ்பியாகவும் உள்ள தனிக் கேபிளைக் கேட்கும். பெட்டியைப் பிரித்து அந்தக் கேபிள் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். விலை குறைந்த 600 வி.ஏ. மாடல்கள் பலவற்றில் இந்த போர்ட்டே கிடையாது. சினாலஜி, க்யூநேப் இரண்டு நிறுவனங்களும் தங்கள் பெட்டிகளோடு ஒத்துப்போகும் யூபிஎஸ் பட்டியலைத் தளத்தில் போட்டிருக்கின்றன. மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போவது நல்லது.

எவ்வளவு பெரியது வேண்டும்? இரண்டு டிஸ்க் நாஸ் வேலை செய்யும்போது சுமார் 20 வாட். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து இன்னொரு 20. மொத்தம் 40 வாட். பல 600 வி.ஏ. யூபிஎஸ்கள் 360 வாட் வரை தாங்கும். உள்ளே 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி, பெருக்கினால் 84 வாட்-ஹவர். மாற்றுகையில் வீணாவது, பேட்டரிக்கு வயதாவது எல்லாம் கழித்துப் பாதி என்று வைத்தாலும் நமக்கு ஒரு மணி நேரம். நாஸ் ஒழுங்காக அணைய ஐந்து நிமிடம் போதும். ஆகவே அதிக நேரம் நிற்கும் என்று சொல்லி ஒரு கே.வி.ஏ. தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் டேட்டா போர்ட்டுக்குக் கொடுங்கள். எடிட்டிங் கம்ப்யூட்டரை இதில் செருகினால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். லேசர் பிரிண்டரைச் செருகவே கூடாது.

வகையைப் பொறுத்தவரை 'லைன் இன்டராக்டிவ்' போதும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் பேட்டரியைத் தொடாமலே அது வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும். 'ஆன்லைன்' வகையில் மாறுகிற இடைவெளியே கிடையாது, ஆனால் விலையும் ஃபேன் சத்தமும் வீட்டுக்கு ஒத்துவராது. ரவுட்டருக்கென்று விற்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸை நாஸுக்கு நினைக்கவே வேண்டாம். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும்.

ஒழுங்கு இதுதான்: சுவர், இன்வெர்ட்டர், யூபிஎஸ், நாஸ். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தருகிற கரண்டைச் சில யூபிஎஸ்கள் கரண்டாகவே மதிக்காது. டக் டக் என்று மாறி மாறி, தன் பேட்டரியையே தின்று தீர்க்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பிரச்சினை இல்லை. வாங்கிய அன்றே மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

கேபிளைச் செருகியதும் நாஸின் கண்ட்ரோல் பேனலில் யூபிஎஸ் பக்கத்தைத் திறந்து அதை இயக்க வேண்டும். சினாலஜியில் 'ஹார்ட்வேர் அண்ட் பவர்', க்யூநேப்பில் 'எக்ஸ்டர்னல் டிவைஸ்'. அங்கே "பேட்டரி தீரும்வரை காத்திரு" என்கிற மாதிரி ஒரு வழி இருக்கும். அதை நான் நம்புவதில்லை. கிழடான பேட்டரி 60 சதவீதம் காட்டிக்கொண்டே பொத்தென்று விழும். ஐந்து நிமிடத்தில் அணையட்டும் என்று வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதியையும் போட்டுவிடுங்கள். வெளியூர் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, கிளையன்ட் கேட்ட ஃபைலுக்காக வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, அந்தக் கருப்புப் பெட்டியில் பச்சை லைட் எரியுதா?" என்று கேட்கிற நிலை வராது.

யூபிஎஸ் இருக்கிறதென்று காப்பி எடுப்பதை விட்டுவிடாதீர்கள். இன்னொரு டிஸ்க்கிலும் ஏறும்வரை எங்கள் தம்பி கார்டை இன்றும் அழிப்பதில்லை. யூபிஎஸ் வாங்கும்போது பில்லைத் தொழில் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உள்ளீட்டு வரி வரவுக்கு அது வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாஸில் வேலை எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து, யூபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வருகிற ஸ்விட்சை அணைக்கிறேன். நாஸ் தானாகப் படுக்கிறதா, ஸ்விட்சைப் போட்டதும் எழுகிறதா என்று பார்ப்பதற்கு. போன பங்குனியில் மூன்றாவது நிமிடத்திலேயே எல்லாம் செத்துவிட்டது. இந்த பேட்டரிகளுக்கு 25 டிகிரிதான் சுகம். அதற்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. நான் யூபிஎஸ்ஸை வைத்திருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே, காற்றோட்டமில்லாத அலமாரிக்குள். கடைக்காரர் பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு, விலையில் கொஞ்சம் தள்ளிப் புதியதைப் போட்டுக் கொடுத்தார். இப்போது அது கீழ்த்தளத்தில், மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாற்றிய தேதியை எழுதி அதன் மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.