சாட்சி சொன்னது பொய்யா?

தம்பி, தங்கைகளே, முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாமான் முச்சந்தியில் காரும் மோட்டார் சைக்கிளும் மோதியதை நானும் நண்பனும் பார்த்தோம். தனித்தனியாக வாக்குமூலம் எடுத்தார்கள். என்னிடம் கேள்விமேல் கேள்வி. பதிலை முடிப்பதற்குள் அடுத்தது வரும். நடுவில், "சிவப்பு விளக்கைத் தாண்டி அந்தப் பையன் எவ்வளவு வேகமா வந்தான்?" என்றார். "ரொம்ப வேகம் சார்" என்றேன். உண்மையில் நான் விளக்கைப் பார்க்கவே இல்லை! பின்னால் வந்த காரின் கேமராவில் பையனுக்குப் பச்சை. அந்தப் பதிவு இல்லாவிட்டால், காலுடைந்து கிடந்தவன்மேல் பழியும் விழுந்திருக்கும்.

அதே கேள்விக்கு நண்பன், "விளக்கை நான் கவனிக்கல" என்றானாம். நான் போன் நம்பரை எழுதி முடிப்பதற்குள் மறந்துவிடும் ஆள். அவன் அப்படியில்லை.

இதற்குச் செயல் நினைவு என்று பெயர். ஒரு வேலை முடியும்வரை மனம் கையில் பிடித்திருக்கும் சங்கதி அது. மூன்று நான்குக்கு மேல் தாங்காது. 1974இல் பேட்லி, ஹிட்ச் இருவரும் இதை விளக்கினார்கள். சாட்சி பழைய காட்சியைப் பிடித்துக்கொள்ளணும், கேள்வியைக் கேட்கணும், வார்த்தையும் தேடணும். இடையில் குறுக்கிட்டால் காட்சி நழுவிவிடும். நழுவிய இடத்தில் கேள்வியில் இருந்த சொல் உட்கார்ந்துகொள்ளும். பிடிமானம் குறைந்தவர்கள் இதில் அதிகம் சிக்குவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் பொய்யர்கள் அல்ல.

அதே 1974இல் அமெரிக்காவில் லோஃப்டஸ், பால்மர் மாணவர்களுக்கு விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரி 41 மைல். "தொட்டபோது" என்று கேட்டால் 32 மைல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

ஃபிஷர், கைசெல்மன் என்ற இருவர் 1980களில் வேறு முறை வகுத்தார்கள். சாட்சி மனசுக்குள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகட்டும், வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளட்டும், நினைவுக்கு வந்ததை எல்லாம் தானே சொல்லட்டும். கேள்வி அப்புறம்தான்.

இந்த வாரக் கூட்டத்தில் செய்து பாருங்கள். ஒரு நிமிட வீடியோ போதும். ஒருவரைக் குறுக்கிட்டுக் கேளுங்கள், இன்னொருவரைப் பேச விடுங்கள். யார் எத்தனை விவரம் சரியாகச் சொன்னார் என்று எண்ணி எழுதி, அடுத்த வாரம் கொண்டுவாருங்கள்.