கிரீஸைக் கழுவும் சத்தம்
(அறிவியல் பகுதி)



முதலில் ஒரு கேள்வி. பிரஷ் இல்லை, நார் இல்லை, தேய்ப்பதற்கு ஆளும் இல்லை. ஆனால் தொட்டியில் போட்ட சாமான் ஐந்து நிமிடத்தில் சுத்தமாகிவிடுகிறது. எப்படி? "மந்திரம்" என்று சொல்பவர்கள் ஒலி பாடத்தை இன்னொரு தடவை படிக்கவும். "சத்தம்" என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்!

மாமாவின் கை

எங்கள் மாமா திருப்பரங்குன்றம் ரோட்டில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். லீவு விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். கார்புரேட்டரைக் கழற்றினால் ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அதில் பாகங்களைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். முன்பெல்லாம் மண்ணெண்ணெய்தான். ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துபோன பிறகு பெட்ரோல், டீசல் என்று ஆகிவிட்டது.

மாமா கையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும். அதனால் அத்தை ஸ்பூன் கொடுப்பார். கேட்டால், "மெக்கானிக் கைன்னா அப்படித்தான் மாப்ள" என்பார். உண்மை அது இல்லை. நம் தோலில் இயற்கையாக ஒரு எண்ணெய்ப் பசை இருக்கிறது. பெட்ரோல் கிரீஸைக் கரைக்கிற மாதிரியே அந்தப் பசையையும் கரைத்துவிடும். பசை போனால் தோல் காய்ந்து வெடிக்கும்.

ஒரு நாள் இதைவிடப் பெரிய ஆபத்து வந்தது. டப்பாவுக்குப் பக்கத்தில் பேட்டரி வயர் பொறி தட்டி, பெட்ரோல் குப்பென்று பிடித்துக்கொண்டது. மணல் வாளி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் தப்பித்தோம். மாமாவுக்குப் புருவ முடி மட்டும் பொசுங்கியது. அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை, இதற்கு வேறு வழியே இல்லையா?

கண்ணாடிக் கடையில் கிடைத்த விடை

அக்காவின் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்யப் போயிருந்தோம். கடைக்காரர் அதை டிபன் பாக்ஸ் அளவு எவர்சில்வர் தொட்டியில் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். மூக்கு படும் இடத்தில் பல நாளாக ஒட்டியிருந்த பச்சை அழுக்கு புகை மாதிரி பிரிந்து வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இது அல்ட்ராசோனிக் கிளீனர் தம்பி. மீயொலி படிச்சிருக்கீங்கள்ல? அதேதான்" என்றார்.

மீயொலி எப்படிக் கழுவுகிறது?

மனிதக் காதுக்கு ஒரு வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அது மீயொலி. இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் 40,000 ஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும். நமக்குக் கேட்கும் "ஸ்ஸ்ஸ்" அந்த மீயொலி இல்லை, குமிழிகள் போடும் இரைச்சல்.

தொட்டியின் அடியில் வில்லை மாதிரி ஒரு பீங்கான் துண்டு ஒட்டியிருக்கும். மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்தால் அது சுருங்கி விரியும். 1880-ல் பிரான்ஸில் பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற அண்ணன் தம்பி இருவரும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே நடப்பது அதன் தலைகீழ்.

வில்லை விரிந்து சுருங்கும்போது தண்ணீர் ஒரு கணம் அமுக்கப்படுகிறது, மறு கணம் இழுக்கப்படுகிறது. இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழிகள் உண்டாகும். அமுக்கும்போது அவை உள்பக்கமாக நொறுங்கும். சாமானுக்குப் பக்கத்தில் நொறுங்கும் குமிழி, ஊசி மாதிரி ஒரு நீர்த்தாரையை அதன் மேல் பாய்ச்சும். அதுதான் அழுக்கைப் பெயர்க்கிறது. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். பிரஷ் முடி நுழையாத ஓட்டையிலும் தண்ணீர் நுழையும், குமிழியும் நுழையும். இதன் பெருமையே அதுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

* இந்தக் குமிழியை உலகம் முதலில் எதிரியாகத்தான் பார்த்தது. 1890-களில் டேரிங் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. காரணம், அதன் சுழலியைச் சுற்றி உண்டான குமிழிகள். 1917-ல் லார்டு ரேலி என்ற விஞ்ஞானி, நொறுங்கும் குமிழி எவ்வளவு அழுத்தம் தரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.
* நம் ஊர்ப் பக்கம் பம்புசெட்டில் தண்ணீர் சரியாக இழுக்காதபோது உள்ளே சரளைக்கல் உருளுவது போல் கடகடவென்று சத்தம் வருமே, அதுவும் இதே குமிழிதான். நாளாக ஆக உள்ளே சுழலும் இம்பெல்லரையே அரித்துவிடும்.
* குமிழி நொறுங்கும் அந்த நொடித் துணுக்கில் அதன் உள்ளே சுமார் 5000 கெல்வின் வெப்பம்! ஆனால் குமிழி அவ்வளவு சின்னது என்பதால் தண்ணீர் கொதிப்பதில்லை.

நாங்கள் செய்து பார்த்தவை

கண்ணாடிக் கடை அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டேன். "கிரீஸ் சாமானை என் தொட்டில போட்டா நாளைக்கு யாரு கண்ணாடி தருவா?" என்று யோசித்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். சாமானைச் சோப்புத் தண்ணீரோடு ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, டம்ளரைத் தொட்டித் தண்ணீரில் வைத்தால் போதும். கண்ணாடி வழியாக ஒலி உள்ளே போகும், அழுக்கு டம்ளரோடு நின்றுவிடும். பிளாஸ்டிக் டம்ளர் ஆகாது. மெத்தென்ற பிளாஸ்டிக் ஒலியை விழுங்கிவிடும்.

சோதனை 1: அடைத்துப்போன கார்புரேட்டர் ஜெட். இது பித்தளை. நடுவில் இருக்கும் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாமா வழக்கமாகக் கம்பியை விட்டுக் குத்துவார். பித்தளை மெத்தென்றது, குத்தக் குத்த ஓட்டை பெரிதாகும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், மைலேஜ் குறையும். டம்ளரில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டு ஆறு நிமிடம் வைத்தோம். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டை வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. முடிவு: வெற்றி.

சோதனை 2: கெட்டிக் கிரீஸ் அப்பிய நட்டு. பத்து நிமிடம் வைத்தும் பாதி கிரீஸ் அப்படியே இருந்தது. ஏன்? கெட்டிக் கிரீஸ் மெத்தை மாதிரி. குமிழி அடிக்கும் அடியை வாங்கி அமுக்கிக்கொள்ளும். முதலில் கரண்டியாலோ கழிவுத் துணியாலோ வழித்து எடுத்துவிட்டு, பிறகு போட்டபோது போய்விட்டது. முடிவு: பாதி வேலை கையில், மீதி வேலைதான் தொட்டியில்.

சோதனை 3: இரும்பு போல்ட்டுகள். சூப்பராகச் சுத்தமாயின. ஈரத்தோடு பேப்பரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் எல்லாம் செம்மண் நிறத்தில் துரு! "நான்தான் சொன்னேன்ல மாப்ள, இரும்பைத் தண்ணில போடலாமா?" என்று மாமா சிரித்தார். தப்பு தண்ணீர் மேல் இல்லை, என் மேல். கிரீஸ் இருந்தவரை அது இரும்புக்குச் சட்டை. சட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டியவன் துவட்டி வேறு சட்டை போட்டுவிட வேண்டாமா? அடுத்த முறை நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, காற்றடித்து, லேசாக எண்ணெய் தடவினோம். துரு வரவில்லை.

ஒரு கணக்கு

பரோட்டா பார்சல் சுற்றி வந்த அலுமினியத் தாளை ஒரு பட்டையாக வெட்டி, நூலில் கட்டித் தொட்டியில் ஒரு நிமிடம் தொங்கவிட்டோம். எடுத்துப் பார்த்தால் ஊசி குத்திய மாதிரி ஓட்டைகள்! ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை, பட்டை பட்டையாக இருந்தன.

தண்ணீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர்.
அதிர்வெண் 40,000 ஹெர்ட்ஸ்.
அலைநீளம் = 1500 ÷ 40,000 = 0.0375 மீட்டர், அதாவது 3.75 செ.மீ.
அதில் பாதி, ஏறக்குறைய 2 செ.மீ.

நிலை அலையில் ஒலி பலமாக இருக்கும் இடங்கள் அரை அலைநீளத்துக்கு ஒரு தடவை வரும். அதனால்தான் பட்டைகள். இதிலிருந்து ஒரு பாடம்: சாமானை ஒரே இடத்தில் வைக்காமல் நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும்.

மாமாவின் கேள்வி

"சோப்புத் தண்ணிக்கே இப்படிப் போகுதுன்னா, தொட்டில பெட்ரோலை ஊத்துனா பிச்சுக்கிட்டுப் போகும்ல?" என்று மாமா கேட்டார்.

நண்பர்களே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கூடவே கூடாது! பெட்ரோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். சுமார் மைனஸ் 40 டிகிரியில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மெஷின் ஓடும்போது திரவம் சூடாகும், பெட்ரோல் இன்னும் வேகமாக ஆவியாகும். மெஷினுக்குள் மின்சாரம் இருக்கிறது. ஒரு பொறி போதும், தகர டப்பாவில் நடந்தது இங்கே பத்து மடங்காக நடக்கும். டின்னர், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் கூடாது, டம்ளருக்குள்ளேயும் கூடாது. பெட்ரோல் செய்யும் வேலையைத் தண்ணீரே செய்யும் என்பதற்காகத்தானே இந்த மெஷின்!

சரியாகச் செய்யும் முறை

1. கெட்டி அழுக்கை முதலில் வழித்து எடுக்கவும்.
2. தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்க்கவும். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, இண்டு இடுக்கில் நுழைய வைக்கும். எண்ணெய் திரும்ப ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும்.
3. 50 முதல் 60 டிகிரி சூடு நல்லது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குமிழியின் பலம் குறைந்துவிடும்.
4. சாமான் போடுவதற்கு முன் ஐந்து, பத்து நிமிடம் வெறும் தண்ணீரோடு ஓட விடவும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் குமிழி பலமாக நொறுங்கும்.
5. சாமானைத் தொட்டியின் தரையில் வைக்கக் கூடாது. கம்பிக் கூடையில் வைத்து இறக்கவும்.
6. தண்ணீர் இல்லாமல் மெஷினைப் போடக் கூடாது. ஓடும்போது கையை உள்ளே விடக் கூடாது.
7. அலசி, துடைத்து, உலர்த்தி, இரும்புக்கு எண்ணெய் தடவவும்.

போடக் கூடாதவை: கார்புரேட்டரின் உடல் அலுமினியம் போன்ற உலோகக் கலவை. காரம் அதிகமான சோடா வகைகளில் போட்டால் கறுத்து அரித்துவிடும். மூடி போட்ட பேரிங்கைப் போட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டுவிடும். தளர்ந்த பெயிண்ட் உரிந்துவிடும்.

நம் ஊரில் வேறு எங்கே?

தெற்கு ஆவணி மூல வீதி நம் நகைக்கடை பஜார். பாலிஷ் போட்ட தங்க நகையின் இடுக்கில் மெழுகும் பொடியும் அடைத்துக்கொள்ளும், அதை எடுக்க நகைத் தொழிலில் இந்தத் தொட்டி பயன்படுகிறது. ஆனால் முத்தும் மரகதமும் வைத்த நகையைப் போடக் கூடாது. முத்தின் பளபளப்பு போகும், மரகதத்தின் கீறல் பெரிதாகும். பாண்டியரின் கொற்கை முத்து ஊர் உலகமெல்லாம் போனது, இந்தத் தொட்டிக்குள் மட்டும் போக முடியாது!

கண் ஆபரேஷன் கருவிகளில் நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யவும் மீயொலித் தொட்டி உதவுகிறது. ஆனால் அழுக்கு போனால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதற்குப் பிறகு ஆட்டோகிளேவில் நீராவியில் வைத்தே ஆக வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர்தான். அதன் ஓட்டையில் கம்பியே நுழையாது. எனவே மெக்கானிக் தொழில் செய்யப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று

கழுவி முடித்த கறுப்புத் தண்ணீரை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றினால் வாய்க்கால் வழியாக அது கடைசியில் வைகைக்குத்தான் போகும். மாமா கடையில் இப்போது அதை ஒரு கேனில் தேங்க விடுகிறோம். மிதக்கும் எண்ணெயை வழித்து, பழைய இன்ஜின் ஆயிலோடு சேர்த்து, அதை எடுக்க வருபவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். மிச்சத் தண்ணீரையும் கால்வாயில் விடுவதில்லை. கேனிலேயே வற்ற விடுகிறோம்.

ஆமாம், மாமா ஒரு சின்னத் தொட்டி வாங்கிவிட்டார்! செயின், இன்ஜின் மூடி மாதிரிப் பெரிய சாமானுக்கு இன்னும் பழைய முறைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஜெட்டுக்கும் நட்டுக்கும் பெட்ரோல் டப்பா எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை ஸ்பூன் கொண்டுவந்து வைத்தார். மாமா அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே குழம்பைப் பிசைந்தார். "எரியுதா மாமா?" என்று கேட்டேன். "கொஞ்சந்தான்டா" என்றார்.

யோசித்துப் பாருங்கள்!

1. தொட்டியின் அதிர்வெண் 25,000 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் எவ்வளவு?
2. கொதித்து ஆறிய தண்ணீர் ஏன் சீக்கிரம் வேலை செய்யும்?

(விடை: 1. 6 செ.மீ. 2. கொதிக்கும்போதே காற்று வெளியேறிவிடும்.)



9-ஆம் வகுப்பு மாணவன்